ஆயிரம் பிறை கண்டோர்க்கு என்ன பரிசு?

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கு நோக்கித் தரங்கம்பாடிக்குச் செல்லும் சாலை, செம்பனார்கோயிலையும் ஆக்கூரையும் கடந்து திருக்கடையூரை அடைகின்றது. 20 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான வழி. மார்கழித் திங்களில் இவ்வழியே செல்வோர்க்கு இருமருங்கிலும் சம்பா வயல்கள் விரிந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழையின் கடைசித் தூறல்கள் விழுந்தும் விழாமலும் இருக்கும் அந்நாள்களில் வாய்க்கால்களில் நீர் ததும்பும். வைகறையில் வயல்மீது பனி படர்ந்திருக்கும். ஒரு காலத்தில் இத்தடத்தில் மீட்டர்கேஜ் இரயில் ஓடியது. 1926-இல் தொடங்கிய அந்த இரயில் 1980-களில் நின்றுபோயிற்று. இன்று பேருந்துகளும் வாடகை வண்டிகளுமே மக்களைத் திருக்கடையூருக்குக் கொண்டு சேர்க்கின்றன.

அவ்வண்டிகளுள் ஒன்றைச் சற்று உற்று நோக்குவோம். முன்னிருக்கையில் மூத்த மகன். பின்னால் மகள், மருமகள், பேரப்பிள்ளைகள். நடுவில் புத்தாடை உடுத்து, சிறிது நாணத்துடன் அமர்ந்திருக்கும் முதிய கணவரும் மனைவியும். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ இரவெல்லாம் பயணம் செய்து வந்திருப்பார்கள். கடல் கடந்த நாடுகளிலிருந்து விடுப்பெடுத்து வந்தவர்களும் அக்கூட்டத்தில் இருப்பர். பிள்ளைகள் கூடி நின்று பெற்றோர்க்குத் திருமணம் செய்து வைக்கும் ஊர் திருக்கடையூர்.

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்குகின்றது. வயது முதிர்ந்த தாய்தந்தையர்க்கு இவ்வாண்டு என்ன கொடுப்பது என்ற வினா நம் இல்லங்கள்தோறும் எழும் காலம் இது. ஆண்டுதோறும் ஒரு வேட்டி, ஒரு சேலை என்று வாங்கிக் கொடுத்துவிட்டு, அவை பெட்டியின் அடியில் மடிப்புக் கலையாமல் கிடப்பதை மறு ஆண்டு கண்டு வருந்தும் பிள்ளைகள் நம்மிடையே பலர். அவர்கள் திருக்கடையூர்வரை ஒருமுறை சென்று வந்தால், அப்பயணம் வீண்போகாது.

அறுபதும் எண்பதும்

2020 டிசம்பரில் தனி மாவட்டமாக மலர்ந்த மயிலாடுதுறை மாவட்டத்துச் சிற்றூர் திருக்கடையூர். அங்குள்ள அமிர்தகடேசுவரர் திருக்கோயில் தருமபுரம் ஆதீனத்தைச் சேர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில், தஞ்சை மராட்டிய மன்னர் காலத்தில், இவ்வூரில் வாழ்ந்து அந்தாதி பாடிய அபிராமி பட்டரைத் தமிழுலகம் நன்கறியும். பதினாறே வயது என விதிக்கப்பட்ட மார்க்கண்டேயனைக் காலனின் கையிலிருந்து சிவபெருமான் காத்தருளிய இடம் இதுவென்பது நம் இந்து சகோதரர்களின் நம்பிக்கை. அதனால் நீண்ட ஆயுள் வேண்டுவோர் இங்கு வருகின்றனர். மகனை இழக்க நேருமே என்று பெற்றோர் நடுங்கிய கதை அது. இன்றோ, பெற்றோரை இழக்க நேருமே என்று அஞ்சும் பிள்ளைகள் அதே ஊரின் வாயிலில் வந்து நிற்கின்றனர்.

தந்தைக்கு 60 வயது நிறையும்போது மணிவிழா எனப்படும் சஷ்டியப்தபூர்த்தி. 70-இல் பீமரத சாந்தி. 80-ஐக் கடக்கும்போது சதாபிஷேகம். இவ்வயதுகளுக்குக் கணக்கு உண்டு. பிரபவ முதல் அட்சய வரையிலான தமிழ் ஆண்டுகள் அறுபது. அறுபது நிறைந்தவர், தாம் பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் சுழன்று வருவதைக் காண்கின்றார். வாழ்வின் ஒரு வட்டம் முழுமை பெறுகின்றது. ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இடையே ஏறத்தாழ 29½ நாள்கள் ஆதலின், ஆயிரம் பிறை காண்பதற்கு 80 ஆண்டுகளும் சில திங்களும் ஆகும். சதாபிஷேகம் காண்பவரை ஆயிரம் பிறை கண்டவர் என்று நம் முன்னோர் போற்றியது இக்கணக்கினால்தான்.

அவரவர் பிறந்த திங்களும் விண்மீனும் வேறுபடுவதால், திருக்கடையூரில் ஆண்டு முழுவதும் மணக்கோலந்தான். மேளமும் நாகசுரமும் ஓய்வதில்லை. திருமண மண்டபங்கள், விடுதிகள், சமையற்காரர்கள், பூக்கட்டுவோர் என ஊரின் பிழைப்பில் பெரும்பகுதி, பெற்றோரைப் போற்ற வரும் பிள்ளைகளை நம்பியே நடக்கின்றது. உலகில் எத்தனையோ ஊர்கள் நெல்லாலும் நெசவாலும் மீனாலும் வாழ்கின்றன. பெற்ற கடனைத் தீர்க்க வருவோரால் வாழும் ஊர் மிக அரிது.

சடங்கின் நடுவே ஓர் உண்மை

அவ்வழிபாட்டின் சமயக் கருத்துகள் நம்முடையவை அல்ல. ஆயினும் அதனுள் பொதிந்துள்ள குடும்பக் கருத்து எல்லார்க்கும் பொதுவானது. நம் கத்தோலிக்க இல்லங்களிலும் மணிவிழா நன்றித் திருப்பலி நடைபெறுவதையும், திருமண வெள்ளிவிழா, பொன்விழா நாள்களில் முதிய தம்பதியர் பீடத்தின்முன் நின்று தம் திருமண வாக்கைப் புதுப்பிப்பதையும் நாம் அறிவோம்.

திருக்கடையூர்ச் சடங்கின் வரிசையைக் கவனியுங்கள். பெற்றோர் மாலை மாற்றிக்கொள்கின்றனர். தந்தை மீண்டும் தாய்க்குத் தாலி கட்டுகின்றார். வரிசையாக வைத்துள்ள கலசங்களின் நீரைப் பிள்ளைகளும் உறவினரும் அவர்கள்மீது சொரிகின்றனர். மக்கள் அவர்தம் பாதம் கழுவி வணங்குகின்றனர். இதுவரையில் பெற்றோர் பெறுகின்றவர்கள். அடுத்த கணமே நிலை மாறுகின்றது. உறவினரெல்லாம் ஒருவர்பின் ஒருவராக வந்து காலில் விழ, முதியவர்கள் அட்சதை தூவி வாழ்த்துகின்றனர். மகனும் மருமகளும் பேரனும் பேத்தியும் கைகட்டி நின்று அவ்வாழ்த்தைப் பெறுகின்றனர். அதுவரை நாணிக் குனிந்திருந்த முகங்கள் நிமிர்கின்றன. மாதம்தோறும் மகன் அனுப்பும் பணத்தை எதிர்நோக்கி வாழ்பவராக இருப்பினும், அந்த ஒரு நாழிகை அவர் கொடுக்கின்றவர். ஊரே அவரிடம் பெற்றுக்கொள்கின்றது.

முதுமையின் துன்பங்களுள் கொடியது, கொடுப்பதற்கு நம்மிடம் இனி ஒன்றுமில்லை என்ற எண்ணமேயாகும். நாற்பது ஆண்டுகள் கழனியில் நின்றும், பள்ளியில் கற்பித்தும், அலுவலகம் சென்றும் பலருக்கும் படியளந்த கைகள், திடீரென வாங்கும் கைகளாகிவிடுகின்றன. வாங்கும் கைக்கு மேலும் மேலும் பொருளைத் திணிப்பதால் அத்துன்பம் தீராது. ஆகவே முதியோர்க்குரிய நல்ல பரிசு, அவர்களை மீண்டும் கொடுப்பவர்களாக்கும் பரிசே.

கோவிலில் காத்திருந்த இருவர்

கிறிஸ்து பிறப்பின் வரலாற்றிலும் முதியோர் உள்ளனர். மூன்று ஞானியர் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொணர்ந்ததை நாம் ஆண்டுதோறும் நினைக்கின்றோம். எருசலேம் கோவிலில் காத்திருந்த இருவரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. லூக்கா நற்செய்தியாளர் அவர்களைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கின்றார். ஒருவர் சிமியோன். மற்றவர் அன்னா. ஏழே ஆண்டுகள் கணவருடன் வாழ்ந்து கைம்பெண்ணான அவருக்கு வயது 84 என்கின்றார் லூக்கா. நம் ஊர்க் கணக்கின்படி, ஆயிரம் பிறை கண்ட மூதாட்டி அவர்.

யோசேப்பும் மரியாவும் ஏழைகள். அவர்கள் கோவிலுக்குக் கொண்டு சென்ற காணிக்கை ஏழைகளுக்குரிய இரு பறவைகளே. சிமியோனுக்கென அவர்கள் எதையும் வாங்கிச் செல்லவில்லை. குழந்தையை அம்முதியவரின் கைகளில் ஏந்த விட்டனர், அவ்வளவே. ஏந்திய மாத்திரத்தில் சிமியோன் கொடுப்பவராகிவிட்டார். இறைவனைப் புகழ்ந்தார், பெற்றோரை வாழ்த்தினார், வரவிருக்கும் துன்பத்தைத் தாயிடம் மறைக்காமல் கூறினார். அன்னாவோ குழந்தையைப் பற்றி எல்லாரிடமும் பேசத் தொடங்கினார். கைம்பெண்ணாய், துணையற்றவராய், எவரும் பொருட்படுத்தாதவராய் இருந்திருக்கக்கூடிய மூதாட்டியின் வாயில் நற்செய்தி வைக்கப்பட்டது.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். மணிவிழாவும் சதாபிஷேகமும் திருமணக் கோலத்தில் நிகழ்பவை; ஆதலின் கணவனும் மனைவியும் இருவருமாக வேண்டும். நம் திருமணப் பொன்விழாத் திருப்பலிக்கும் இதே எல்லை உண்டு. துணையை இழந்த தாய்க்கோ தந்தைக்கோ அவ்விழாவில் நடுவிடம் இல்லை. தம் வயதொத்தவர்களின் மணிவிழாப் பந்தலில், பின்வரிசை நாற்காலியில் அமர்ந்து பார்த்துவிட்டு வீடு திரும்பும் கைம்பெண்கள் எத்தனை பேர்! கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அத்தகைய எல்லை இல்லை. தனித்திருக்கும் தாயை நடுவில் அமர்த்துவதற்கு ஆண்டுதோறும் நமக்குக் கிடைக்கும் நாள் அது. அன்னாவை நினைத்தேனும் அந்நாளை நழுவ விடாதிருப்போமாக.

வழியிற் கிடைக்கும் பொருள்கள்

பொருளே வேண்டாம் என்று கூறுவது நம் நோக்கமன்று. இப்பகுதியின் கைத்தொழில்களே நல்ல பரிசுகளை நமக்குக் காட்டுகின்றன. மயிலாடுதுறை நகரின் ஒரு பகுதி கூறைநாடு. பட்டும் பருத்தியும் கலந்து, கட்டங்கள் விளங்க அங்கு நெய்யப்பட்ட மணப்புடவையே கூறைப்புடவை எனப் பெயர்பெற்றது. தறிகளின் ஓசை முன்போல் இல்லையெனினும், அப்பெயர் இன்றும் திருமண வீடுகளில் ஒலிக்கின்றது. தாய் மணப்பெண்ணாக உடுத்த அக்கூறையைப் பத்திரமாக வைத்திருப்பின், இக்கிறிஸ்துமஸ் நாளில் பெட்டியிலிருந்து அதை எடுக்கச் சொல்லிப் பேத்தியிடம் அதன் கதையைக் கூறச் செய்யுங்கள். புதிய சேலை வாங்குவதாயின், எடை குறைந்த மென்பருத்தியே முதிய உடலுக்கு இதம். கனத்த பட்டு, வாங்கியவரின் பெருமைக்கு உதவுமேயன்றி உடுப்பவரின் தோளுக்கு உதவாது.

சீர்காழிக்கு வடக்கே, கொள்ளிடத்தை அடுத்துள்ள தைக்கால், பிரம்பு வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். நெடுஞ்சாலையோரத்திலேயே நாற்காலிகளும் ஊஞ்சல்களும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பயணிகள் காணலாம். சாய்வு நாற்காலி வாங்க எண்ணுவோர் தந்தையையும் உடன் அழைத்துச் சென்று, அவரையே அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இருக்கை மிகத் தாழ்வாக இருப்பின், முழங்கால் தேய்ந்தவர் எழுந்திருக்க இயலாது. கைப்பிடி உறுதியாக இராவிடில் ஊன்றி எழ முடியாது. பின்னர் அந்நாற்காலியை வீட்டின் எந்த இடத்தில் போடுவது என்பதும் முக்கியம். பின்கட்டின் மூலையில் போட்டால் அது முதியவரை ஒதுக்கும் கருவி. திண்ணையிலோ முன்கூடத்திலோ போட்டால், தெருவில் போவோர் வருவோரெல்லாம் அவரிடம் நின்று பேசிச் செல்வர். வழி கேட்பவருக்கு வழியும், பூசல் கொண்டு வருபவருக்கு அறிவுரையும் அவர் கொடுப்பார்.

கண்ணும் காலும்

முதியோர்க்கு மீண்டும் கொடுக்கும் ஆற்றலைத் தருவனவற்றுள் கண்ணொளி முதன்மையானது. படிக்க இயலாதவர் பேரனுக்குக் கதை படித்துச் சொல்வது எங்ஙனம்? வழி தெரியாதவர் அண்டை வீட்டாருக்கு உதவச் செல்வது எங்ஙனம்? முதுமையில் பார்வை மங்குவதற்குப் பெருங்காரணம் கண்புரை. அது அறுவையால் தீரக்கூடியது. அரசு மருத்துவமனைகளிலும் அதனைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே அதனைத் தொடங்கினார் என்பது நினைக்கத்தக்கது. மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிய நிலையிலும் அறுவைக்கத்தியைப் பிடிக்கப் பழகியவர் அவர். ஓய்வு பெற்ற ஒரு முதியவர் கொடுத்த பரிசினால் இலட்சக்கணக்கான முதியவர்கள் பார்வை பெற்றனர்.

அடுத்தது கால். 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூவருக்கு ஒருவர் ஆண்டில் ஒரு முறையேனும் கீழே விழுகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நம் பழைய வீடுகளில் உயர்ந்த நிலைப்படிகள், பாசி படிந்த கிணற்றடி, இருட்டிய கொல்லைப்புறம், குந்தி எழ வேண்டிய கழிப்பறை எனக் கண்ணிகள் பல. ஒரு முறை இடுப்பெலும்பு முறிந்தால் எஞ்சிய நாள்கள் பலருக்குக் கட்டிலிலேயே கழிகின்றன. குளியலறைச் சுவரில் உறுதியான ஒரு கைப்பிடிக் கம்பி, வழுக்காத மிதியடி, கட்டிலிலிருந்து கழிப்பறை வரையில் ஒரு சிறு இரவு விளக்கு, உயரமான கழிப்பறை இருக்கை — இவற்றை வண்ணத்தாளில் சுற்றிக் கொடுக்க முடியாது. ஆயினும் டிசம்பர் 23-ஆம் நாள் வீட்டிற்கு வரும் மகன், கொத்தனாரையும் மின்பணியாளரையும் அழைத்து ஒரே நாளில் இவற்றைச் செய்து முடித்தால், அதனினும் அன்பான பரிசு அவ்வீட்டில் வேறு எதுவாக இருக்கும்?

கைப்பேசி வாங்கிக் கொடுப்போரும் உளர். நல்லதே. எனினும் அதனைப் பயன்படுத்தக் கற்பிக்கும் பொறுமையையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். பாட்டியின் கட்டைவிரலைப் பிடித்து, எந்த இடத்தில் அழுத்த வேண்டுமென்று பேரன் பத்து முறை சொல்லித் தரட்டும். அப்பத்து முறையுமே பரிசின் பகுதிதான்.

கொடுக்கும் கை

விழா நாளில் அவர்களைக் கொடுப்பவர்களாக்குவது எப்படி? வழிகள் எளியவை.

பச்சரிசியும் வெல்லமும் எண்ணெயும் முன்னதாகவே வாங்கித் தாயிடம் ஒப்படையுங்கள். அதிரசப் பாகின் பதம் அவர் அறிவார், இளையோர் அறியார். அவர் அடுப்பருகே நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்து பதம் சொல்லட்டும், மருமகள் கிளறட்டும். பின்னர்ப் பலகாரத் தட்டுகளை அவர் கையாலேயே எடுத்து வைக்கச் செய்யுங்கள். இந்து, இசுலாமிய அண்டை வீடுகளுக்குப் பேரப்பிள்ளைகள் அவற்றைச் சுமந்து சென்று, எங்கள் அப்பாயி கொடுத்தனுப்பினார்கள் என்று கூறட்டும். அப்பாயி என்ற சொல்லே அத்தட்டின் முகவரியாக இருக்கட்டும்.

குடில் அமைக்கும் பொறுப்பைத் தாத்தாவிடம் விடுங்கள். கடையில் விற்கும் அட்டைக் குடிலைவிட, வயலிலிருந்து எடுத்த வைக்கோலாலும் வாய்க்கால் களிமண்ணாலும் அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கட்டும் குடில் அழகில் குறையலாம். அதனைச் சுற்றி நிகழும் பேச்சு குறையாது. காவிரியில் தண்ணீர் வராத ஆண்டுகளையும், கரை உடைந்த ஆண்டுகளையும், கால்நடையாக நள்ளிரவுத் திருப்பலிக்கு நடந்த நாள்களையும் அவர் அப்போது எடுத்துரைப்பார்.

சில்லறைத் தாள்கள் கொஞ்சம் புதியனவாக மாற்றி, உறையிலிட்டுத் தந்தையிடம் கொடுத்து வையுங்கள். வீடு தேடி வரும் பாடற்குழுவுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும், தெருக்கூட்டும் பெண்ணுக்கும் அவர் கையாலேயே அது போகட்டும். கணக்குக் கேட்காதீர்கள். கணக்குக் கேட்கப்படாத சிறு தொகையொன்று கையில் இருப்பது முதியவர்க்கு எத்துணை மதிப்பென்பதை அந்நிலையில் இருப்பவர் மட்டுமே முழுதும் அறிவர்.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் போக முடியவில்லையே என்று பல முதியோர் வீட்டில் படுத்தபடி மணியோசையைக் கேட்டுக்கொண்டிருப்பதுண்டு. அன்றிரவுக்கு ஓர் ஆட்டோவை முன்னரே பேசி வையுங்கள். கோவிலில் சாயும் வசதியுள்ள ஓர் இருக்கையைப் பங்கு இளைஞரிடம் சொல்லி ஒதுக்குங்கள். போர்வை ஒன்றும் வெந்நீர்க் குடுவை ஒன்றும் உடன் எடுத்துச் செல்லுங்கள். 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலைத் திங்களின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். அந்நாளில் மட்டும் முதியோரை முன்வரிசையில் அமர்த்திவிட்டு டிசம்பரில் வீட்டில் விட்டுச் செல்வது பொருந்துமா?

எதிர்த்திசையில் செல்லும் பரிசு

காவிரிப் படுகையில் பரிசு என்றதும் வேறொன்றும் நினைவுக்கு வரும். இங்கு மிகப் பெரிய பரிசுகள் பிள்ளைகளிடமிருந்து பெற்றோர்க்குச் செல்வதில்லை. பெற்றோரிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகின்றன. வயலையும் வீட்டையும் தான செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதன்பின் ஒரு வேளைச் சோற்றுக்குக் கையேந்தும் பெற்றோரின் கண்ணீரை நம் ஊர்களில் காணாதவர் இலர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயது நிறைந்தோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர்; தமிழகத்தில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவர். இவர்களுள் பிள்ளைகளால் கைவிடப்பட்டோர்க்காகவே 2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் இயற்றப்பட்டது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோர் முறையிடலாம். பராமரிப்போம் என்ற நிபந்தனையின்பேரில் சொத்தைப் பெற்றுக்கொண்டு பராமரிக்கத் தவறினால், அப்பத்திரத்தைச் செல்லாததாக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஆகவே எழுதிக் கொடுக்கும் பெற்றோர் அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாகச் சேர்ப்பது அறிவுடைமை. நல்ல பிள்ளை அதனைக் கண்டு சினங்கொள்ளான். தானே முன்வந்து சேர்க்கச் சொல்வான். அதுவும் ஒரு பரிசே.

நம் ஆண்டவரும் பெற்றோர்க்குரிய பொருளைப் பற்றிக் கடுமையாகவே பேசியிருக்கின்றார். தாய்தந்தைக்கு உதவ வேண்டிய பொருளைக் கொர்பான், அதாவது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கிவிடுவோரை அவர் கண்டித்ததை மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் காண்கின்றோம். பெற்றோர்க்கு மருந்து வாங்காமல் கோவிலுக்குக் கொடி நேர்வதும் ஆலயத்தாரால் பாராட்டப்படுவதும் அவருக்கு உகந்தவை அல்ல. திருக்கடையூரில் கடன் வாங்கிப் பெரும்பந்தல் இட்டு, ஒளிப்படம் எடுத்து, மறுநாளே பெற்றோரைத் தனிவீட்டில் விட்டுச் செல்வோருக்கும் இதே உண்மை பொருந்தும். ஒரு நாளின் மாலை ஒரு நாளிலேயே வாடிவிடும்.

தரங்கம்பாடிக் கரையில்

திருக்கடையூரிலிருந்து தெற்கே இன்னும் சில கிலோமீட்டர் சென்றால் தரங்கம்பாடி. 1620-இல் டேனியர் கோட்டை கட்டிய துறைமுகம். 1706-இல் இங்கு வந்திறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, 1715-இல் இங்கேயே தமிழில் அச்சாகி முடிந்தது. செருமனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியனவாக இருந்து தாளை மிகுதியாக விழுங்கியமையால், அருகிலுள்ள பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். அன்று தாளைச் சிக்கனம் செய்ய எழுத்தைச் சிறிதாக்கினார்கள். இன்று நம் பெற்றோருக்கு வேண்டியது பெரிய எழுத்து. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தைப் பெரிய எழுத்தில் கொடுத்தால், மாலைச் செபத்தில் வாசகத்தை மீண்டும் அவர்களே படிப்பார்கள். கண் முற்றும் மங்கியிருப்பின், நற்செய்திகளை உங்கள் குரலிலேயே கைப்பேசியில் பதிந்து கொடுங்கள்.

கோட்டையின்முன் கடற்கரை அமைதியாகக் கிடக்கின்றது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாட் காலை. அன்று எழுந்த ஆழிப்பேரலை இக்கரையை மோதியது. தரங்கம்பாடியும், தெற்கே காரைக்காலும் நாகப்பட்டினமும், திருப்பயணிகள் நிறைந்திருந்த வேளாங்கண்ணியும் ஒரே காலையில் கதறின. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாள் மாலைவரை, ஊருக்குப் போவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றும், அம்மாவிடம் பொங்கலுக்குப் பேசிக்கொள்ளலாம் என்றும் எண்ணியிருந்தோர் எத்தனை பேரோ! இக்கரையில் நிற்பவர்க்கு, அடுத்த ஆண்டு என்ற சொல்லை எளிதாகச் சொல்ல நா எழாது.

அன்பு வாசகர்களே, பெற்றோருடன் மனத்தாங்கல் கொண்டு பல ஆண்டுகளாகப் பேசாதிருப்போரும் உங்களுள் சிலர் இருக்கக்கூடும். பாகப்பிரிவினையால் வந்த பிணக்கு, கலப்புத் திருமணத்தால் வந்த பிரிவு, மருமகளுக்கும் மாமியாருக்கும் இடையே வளர்ந்த கசப்பு என்று காரணங்கள் பல. அவர்களுக்கு இக்கட்டுரை வேறு எந்தப் பொருளையும் பரிந்துரைக்கவில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு, முன்னறிவிப்புக்கூட இன்றி, அவ்வீட்டு வாயிலில் சென்று நில்லுங்கள். குழந்தையைத் தாத்தாவின் கையில் கொடுங்கள். மன்னிப்பு என்னும் பரிசைக் கொடுக்கும் வாய்ப்பை அவருக்குக் கொடுங்கள். பல ஆண்டுகளாக அதனைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுப்பதென்று அறியாமல் அவர் காத்திருக்கவும் கூடும்.

இவ்வாண்டு டிசம்பர் 25 வருவதற்குள் ஒரு தாளை எடுத்து, இரு கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். என் தாயும் தந்தையும் ஒரு காலத்தில் பிறருக்கு எதை மனநிறைவுடன் கொடுத்து வந்தார்கள்? அதை அவர்கள் இன்று கொடுக்க இயலாமல் தடுப்பது எது? கண்ணா, காலா, பணமா, தனிமையா, நம் மௌனமா? தடையை நீக்குவதே நீங்கள் தேடும் பரிசு. அதன் விலை பல நேரங்களில் ஒரு சேலையின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

வாசகர் அனைவர்க்கும், அவர்தம் இல்லங்களில் வாழும் ஆயிரம் பிறை கண்ட பெரியோர் அனைவர்க்கும் கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள்.